ஒரு மாதத்துக்கு மட்டும்

2022 ஒக்டோபர் மாதத்துக்குரிய ஊழியர் சேமலாப நிதிப் பட்டியலில், 141 வரிகளுள் ஒரு வரியில், பிழையான அடையாள அட்டை இலக்கம் ஒன்று இருக்கிறது. அதை இட்டவள் நான். பிழை என்று தெரிந்தே இட்டேன்; அந்த வரி என்னுடைய வரி. அந்த நிறுவனத்தில் எனக்கு நேர்ந்தவற்றைப் பற்றி யாராவது கேட்டால், கழிப்பறைத் திறப்பு எந்த மேசையில் இருக்க வேண்டும் என்று நடந்த கூட்டத்தைப் பற்றியும், மாடிப்படியில் நின்று என் செருப்பைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். சொல்லி முடித்தால் பரிதாபமாகத் தலையசைப்பார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் வெள்ளவத்தையில் கடைசி ரயிலும் போன பிறகு, கடற்காற்றில் யன்னல் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் என்னை எழுப்பி உட்கார வைப்பது அவற்றில் ஒன்றல்ல. அவற்றை எனக்குச் செய்தவர்கள் மற்றவர்கள். அந்த ஒரு வரியை எழுதியது என் விரல்.

நமது அடையாள அட்டை இலக்கத்தின் சூட்சுமம் இலங்கையில் எவருக்கும் இரகசியமல்ல. பிறந்த ஆண்டு, அதன்பின் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, அந்த நாளோடு பெண்களுக்கு மட்டும் ஐந்நூறு. சம்பளப் பட்டியலோடு ஒன்பது ஆண்டுகள் கிடந்தவளுக்கு அந்த இலக்கங்கள் முகங்களைப் போல. பெயரை மறைத்துவிட்டுக் காட்டினாலும் இவர் மார்ச்சில் பிறந்த ஆண், இவர் நவம்பரில் பிறந்த பெண் என்று சொல்லிவிடுவேன். நான் பிறந்தது 1989 ஜூன் 9 ஆம் திகதி. அந்த ஆண்டு பெப்ரவரியில் 28 நாட்கள்தான். ஆனால் அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 உண்டு. ஆகவே 160 ஆவது நாளில் பிறந்த எனக்கு 161 என்று விழுந்தது. இல்லாத ஒரு நாளை எல்லாருக்கும் கூட்டிக் கணக்கிடுவதில் அரசாங்கத்துக்கு ஒரு சங்கடமும் இல்லை என்பதை நான் பல தடவை நினைத்துச் சிரித்திருக்கிறேன். 2022 ஓகஸ்டில் பத்தரமுல்லை ஆட்பதிவுத் திணைக்களத்திலிருந்து என் கைக்கு வந்த புதிய அட்டையில் 161 என்பது 661 ஆகியிருந்தது. முப்பத்துமூன்று வருடங்கள், அதில் மாறியது ஒரேயொரு இலக்கம்.

அந்த அட்டைக்கும் என்னைப் போன்ற தமிழர்களுக்கும் உள்ள உறவை விளக்கத் தேவையில்லை. 16 வயதில், 2005 இல், கிராம சேவகரின் கையொப்பத்தோடு எடுத்த முதல் அட்டையை அம்மா ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, சேர்ட்டின் இடப்பக்கப் பையில்தான் வைக்க வேண்டும், நித்திரையில் கேட்டாலும் இலக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று பழக்கினா. 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய கிழமையில், அந்த உறையை நான் குளிக்கப் போகும்போதும் கொண்டு போனேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் பேருந்தை மறித்து எல்லாரையும் இறக்கும்போது ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களின் வரிசை சாக்குத் துணியால் மறைத்த ஒரு கூண்டுக்குள் போய் மற்றப் பக்கத்தால் வரும். ஆண்களின் வரிசையில் கைகளை உயர்த்திக்கொண்டு நின்ற அந்த வயதில், எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று எல்லாருக்கும் பொதுவானது. மற்றையது, அந்தச் சாக்குத் துணியை நான் பார்த்துக்கொண்டு நின்றதை யாராவது கண்டுவிடுவார்களோ என்பது.

அட்டை எப்படி மாறியது என்ற கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு, உளநல மருத்துவர் தரும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம்; அதைக் காட்டி அடையாள அட்டையை மாற்றலாம். அலைச்சல் உண்டு, வழி உண்டு. பெயரில் மட்டும் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். பட்டியல்களில் அப்பாவின் பெயர்தான் எனக்குக் கடைசிப் பெயர். என் பெயர் முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து. அதே எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டால், அலுவலகத்தின் எந்தப் பட்டியலிலும் என் வரி அசையாது. அப்பாவின் பெயரும் இருக்கும், எழுத்தும் இருக்கும். இலக்கம் மட்டும் பேசும். அது எவ்வளவு உரத்துப் பேசும் என்பதை நான் கணிக்கவில்லை.

தெரிந்திருப்பது வேறு

எங்கள் நிறுவனம் புறக்கோட்டையில், கீழே கடையும் மேலே கந்தோருமாக இருந்த பழைய மொத்த வியாபாரம். முதலாளி நல்ல மனிதர் என்றே இன்றும் சொல்வேன். டொலர் இல்லாமல் கப்பல் சரக்கு துறைமுகத்திலேயே கிடந்த 2022 இல், அந்தத் தெருவில் பலர் ஆட்களை நிறுத்தியபோது அவர் ஒருவரையும் நிறுத்தவில்லை. பெற்றோல் வரிசைகள் நீண்ட ஜூனிலும் ஜூலையிலும் கணக்குப் பிரிவை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார். அந்த இரண்டு மாதங்களில் என் தலைமயிர் தோளைத் தொட்டது. கணினித் திரையில் படத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கூட்டங்களில் என் குரலில் பேசினேன். திரும்பி வந்தபோது மயிரைக் கட்டிக்கொண்டு வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செப்டெம்பரில், மனிதவளப் பிரிவிலிருந்த மிஸ்ஸிடம் ஒரு பக்கக் கடிதத்தையும் அட்டையின் பிரதியையும் கொடுத்தேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், பிறகு என்னை முதன்முதலாக ‘நங்கி’, சிங்களத்தில் தங்கை, என்றார். அது அந்த அறைக்குள் மட்டும் செல்லுபடியான சொல் என்பது அடுத்த நாள் படிக்கட்டில் தெரிந்தது. ஆனால் வேலையைச் செய்தார்: தொழில் திணைக்களத்துக்குத் திருத்தக் கடிதம் போயிற்று, செப்டெம்பர் மாதப் பட்டியல் 661 என்று போயிற்று.

என்னோடு ஏழு வருடங்கள் ஒரே மேசையில் சாப்பிட்ட ஓர் அக்கா இருந்தா, கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவ. நான் கடைப் பார்சலைப் பிரிப்பேன், அவ வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பா, அவவின் கத்தரிக்காய்ப் பிரட்டலில் பாதி கேட்காமலே என் பக்கம் வரும். கடிதம் கொடுத்த கிழமையில் அவ பக்கத்து மேசைக்கு மாறினா. நான் நேரடியாகவே கேட்டேன்: “அக்கா, உங்களுக்கு எப்பவோ தெரியும்தானே?”

“தெரியும்,” என்றா. “எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டு இருக்கிறது வேற. நீ சொன்னது வேற. நீ சொன்னாப் பிறகு நான் ஏதாவது சொல்ல வேணுமெல்லே. வீட்டில இவர் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?”

இதைவிட நேர்மையான விடையை அந்தக் கட்டடத்தில் வேறு எவரும் எனக்குத் தரவில்லை. ஒருவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது, ஏதோ மறைந்திருந்த ஒன்றைத் திறந்து காட்டுவதைப் போலப் பேசுகிறோம். என் அனுபவத்தில் அங்கே மறைவாக எதுவும் இருக்கவில்லை. மற்ற எல்லாரும் என்னை அறிந்தே இருந்தார்கள். அறிந்துகொண்டு அறியாதவர்களாக இருக்கும் வசதியோடு இருந்தார்கள். அந்த வசதியைத்தான் என் ஒரு பக்கக் கடிதம் அவர்களிடமிருந்து பறித்தது. தெரிந்ததற்குப் பொறுப்பெடுக்க வேண்டியதில்லை, சொல்லப்பட்டதற்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். மறுமொழி சொல்லத் தெரியாதவர்கள் கோபப்படுவது இயல்புதான் என்று இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது அந்தக் கத்தரிக்காய்ப் பிரட்டலுக்காகக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

தமிழின் இலக்கணமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதுவரை கிடங்குப் பையன்கள் தங்களுக்குள் என்னைப் பற்றிப் பேசும்போது ‘வந்தான், போனான்’ என்பார்கள்; ஒரே வயதினர், அதில் பிழையில்லை. கடிதத்துக்குப் பிறகு திடீரென்று நான் ‘அவர்’ ஆனேன். ‘வந்தார்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மரியாதை மட்டும்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனொருவன் எனக்கு ‘ஆர்’ விகுதி போடுவதைக் கேட்டு, முதல் நாள் நான் உண்மையில் மகிழ்ந்தேன். இரண்டாம் நாள் விளங்கிவிட்டது. ‘வந்தாள்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் தப்புவதற்காக, ஒரு கந்தோர் முழுவதும் மரியாதைக்குள் ஒளிந்துகொண்டது. முதலாளியோ அதையும்விட ஒரு படி மேலே போனார். ஒன்பது வருடங்களாக ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ‘தம்பி’ போட்டவர், ‘பிள்ளை’ என்று மாற்றிக்கொண்டிருக்கலாம். எங்கள் பேச்சில் அதைவிட இலகுவான சொல் இல்லை. அவர் விளிப்பதையே நிறுத்திவிட்டார். “அந்த பைல் எங்க” என்று காற்றைப் பார்த்துக் கேட்பார்.

கணக்காளர்களின் நகைச்சுவை தனி வகை. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம் என்பதால், ஐந்து வருடம் முந்திக் காசெடுக்கத்தான் நான் இந்த வேலை பார்த்தேன் என்ற பகிடி ஒரு மாதம் ஓடியது. உள்ளதைச் சொன்னால், பகிடி நன்றாகத்தான் இருந்தது. நானே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நவம்பர் 30

ஒக்டோபர் மாதப் பட்டியலை அனுப்ப நவம்பரின் கடைசி வேலை நாள் வரை அவகாசம். அன்று புதன்கிழமை. பின்னேரம் நாலரை மணிக்கு முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பால் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதைச் சுண்டுவிரலால் ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

“இரும். எனக்கு இதில ஒரு பிரச்சினையும் இல்லை. நான் பழங்காலத்து ஆள் இல்லை. ஆனா வங்கிக்காரர் கடனை மாத்திப் போடுறதுக்குச் சேமலாப நிதி லிஸ்ட் எல்லாம் கேக்கினம். முந்தி ஒரு நம்பர், இப்ப ஒரு நம்பர், என்னெண்டு கேட்டா நான் என்ன விளக்கம் குடுக்கிறது? இந்த மாசத்துக்கு மட்டும் பழசையே போட்டு விடும். நூற்றுநாற்பது குடும்பம். நீர் யோசியும்.”

அதட்டவில்லை. மிரட்டவில்லை. அவர் குரலில் உண்மையான களைப்பு இருந்தது. 141 இல் ஒன்றைக் கழித்து 140 என்று அவர் சொன்னதைக்கூட, கணக்கோடு வாழ்பவளாகிய நான், மேசைக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தேன்.

ஐம்பது பேருக்கு மேல் வேலைசெய்யும் இடங்கள் பட்டியலை மின்கோப்பாகவே அனுப்ப வேண்டும். கோப்பு திறந்தே கிடந்தது. என் வரி 87 ஆவது. என் எட்டு சதவீதமும் அவர்களின் பன்னிரண்டு சதவீதமும் சரியாக இருந்தன, அப்பாவின் பெயர் இருந்தது, எழுத்து இருந்தது. இலக்கத்தின் மேல் அம்புக்குறியை வைத்து, 661 இருந்த இடத்துக்குப் போய், முதல் 6 ஐ அழித்தேன். அழித்த இடத்தில் சிறு கோடு மின்னி மின்னி நின்றது. அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். வந்தது கோபமல்ல, ஒருவித ஆறுதல். எவ்வளவு நாள் கழித்து இந்தக் கட்டடத்தில் ஒருவர் என்னிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறார், என்னால் செய்யக்கூடிய உதவி, ஒரே ஒரு விசை, செய்தால் மறுபடி ‘தம்பி’ என்றாவது கூப்பிடுவார் என்று மனம் ஓடியது. ஆம், அந்தச் சொல்லுக்காக. முப்பத்துமூன்று வருடங்கள் எதிலிருந்து விடுபட நினைத்தேனோ அந்தச் சொல்லுக்காக, 1 ஐ அடித்தேன். கோப்பை அனுப்பினேன். குளிரூட்டியை நிறுத்தினேன். 101 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தேன், ஆசனங்கள் இருந்தும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆவது பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதைப் பற்றியது. சேலை உடுத்துத் தெருவில் நடந்த திருநங்கைகளைப் பொலிசார் பிடிக்கும்போது, 1841 ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தோடு இந்தப் பிரிவையும் சொல்லி வெருட்டுவது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் சேலையோடு ஒருநாளும் பிடிபட்டதில்லை. என் வாழ்வில் நான் உண்மையாகவே ஆள்மாறாட்டம் செய்தது ஒரே ஒரு தடவைதான். புறக்கோட்டையில், குளிரூட்டிய அறையில், முதலாளியின் வேண்டுகோளின்படி, சட்டப்படி இல்லாமற்போன ஓர் ஆணாக. அதற்கு என்னை எவரும் பிடிக்கவில்லை.

அன்று நான் மறுத்திருந்தால் சட்டம் என்னைத் தாங்கியிருக்குமா என்று சிநேகிதி ஒருத்தி, சட்டத்தரணி, பிறகு எனக்கு விளக்கினாள். அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை பால் காரணமாக ஓரங்காட்டக் கூடாது, அதாவது பாரபட்சம் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போக, மீறியது ஆட்சித்துறையின் அல்லது நிர்வாகத்துறையின் செயலாக இருக்க வேண்டும் என்று 126 ஆவது உறுப்புரை சொல்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரி அதற்குள் வரமாட்டார். அரசாங்கம் எனக்கு அட்டையைத் தந்துவிட்டது. அந்த அட்டையை மதிக்கும்படி ஒரு முதலாளியிடம் சொல்ல அதற்கு வாயில்லை. இதை நான் ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் நான் எந்த உறுப்புரையையும் நினைக்கவில்லை.

வங்கி அந்தப் பட்டியலைக் கேட்கவேயில்லை. மூன்று வருட இலாப நட்டக் கணக்கும் காணி உறுதியும் போதும் என்றார்கள். டிசம்பர் 30 ஆம் திகதி, நவம்பர் மாதப் பட்டியலில், எவரிடமும் கேளாமல் 6 ஐத் திரும்பப் போட்டேன். சுருக்கத் தாளில் கையொப்பமிட வந்த முதலாளி 87 ஆவது வரியில் விரலை வைத்துச் சற்று நின்றார். பிறகு விரலை இழுத்துக்கொண்டு கையொப்பமிட்டார். ‘தம்பி’ என்று சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லவில்லை. பெப்ரவரியில் என்னைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்து, பேலியகொடைக் கிடங்கின் இருப்புக் கணக்குக்கு மாற்றினார்கள். கடிதத்தில் ‘பதவி உயர்வு’ என்றிருந்தது, சம்பளம் இருந்தபடியே இருந்தது. அங்கே அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டு நான்கு மாதங்கள் இருந்துவிட்டு விலகினேன்.

விலகிய பிறகுதான் அந்த ஒக்டோபர் திரும்பி வந்தது. கணக்கு முழுவதும் புதிய இலக்கத்தின் கீழ் ஒழுங்காக இருக்க, அந்த ஒரு மாதப் பணம் மட்டும் ஒட்டாமல் நின்றது. பழைய நிறுவனத்திடம் விளக்கக் கடிதம் கேட்டேன். மிஸ் உடனேயே அனுப்பிவைத்தார், தாமதமில்லை. அதை எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்துக்குப் போனேன். முற்பகல் பதினொரு மணி, வாங்கிலில் என் பக்கத்தில் ஓய்வுபெற்ற இருவர் தங்கள் காசை எதில் போடுவதென்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் உத்தியோகத்தர், ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், கடிதத்தை வாங்கி வாசித்தார். சம்பளப் பட்டியலைத் தயாரித்த எழுதுவினைஞரின் கவனக்குறைவால் இலக்கம் பிழையாக இடப்பட்டது, தவறுக்கு வருந்துகிறோம் என்று அதில் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த எழுதுவினைஞர் இப்போதும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்று கேட்டார். சிங்களத்தில் கேட்டார், பேச்சுச் சிங்களத்தில் அந்தக் கேள்வியின் வினைக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

இல்லை, போய்விட்டார் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, திருத்தப் படிவத்தில் முத்திரையைக் குத்தினார்.